பாடுகிறவரும் கிட்டார்காரரும்

முதல் சந்திப்பில் பாட்டைப் பற்றிப் பேசாதீர்கள். சுருதியைப் பற்றிப் பேசுங்கள்.

மும்பையில் தமிழில் பாட்டெழுதிப் பாடுகிற ஒருவரும் கிட்டார் வாசிக்கிற ஒருவரும் சேரும்போது, பெரும்பாலும் இரண்டு வேறு வளர்ப்புகள் எதிரெதிரே உட்காருகின்றன. பாடுகிறவர் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஏதோ ஒரு மாமியின் வீட்டு ஹாலில் சரளி வரிசையில் ஆரம்பித்தவராக இருப்பார். தன் குரலுக்கு 'அஞ்சரைக் கட்டை' என்று அவருக்குத் தெரியும். கிட்டார்காரர் மாஹிமிலோ பாந்த்ராவிலோ சர்ச்சில் வாசித்துப் பழகியவர், அல்லது தாராவியில் யூடியூப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவர். அவருக்குத் தெரிந்தது சி, ஜி, ஏ மைனர். இவர் சொல்லும் எண் அவருக்கு விளங்காது, அவர் சொல்லும் எழுத்து இவருக்கு விளங்காது. இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். சரணத்தின் உச்சியில் குரல் பிசிறும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் அந்தச் சுருதியிலேயே பாட்டு பாதி கட்டி முடிந்திருக்கும். கிட்டார்காரருக்கு விரல் படிந்துபோயிருக்கும். மாற்ற மனசு வராது.

ஆகவே முதலில் மொழிபெயர்ப்பு. ஒரு கட்டை என்பது சி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப். மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஆர்மோனியத்தில் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள்ளும், பெண் குரல்கள் நாலரையிலிருந்து ஆறுக்குள்ளும் அமையும். விதிவிலக்குகள் நிறைய.

அடுத்தது கேப்போ. சில நூறு ரூபாய்க்கு விற்கிற இந்தச் சின்னக் கவ்வியை வாங்காத கிட்டார்காரரோடு பாடகர் சேரவே வேண்டாம் என்பது என் கட்சி. ஐந்தரைக் கட்டைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவங்களை வாசித்தால் போதும். ஆறரைக்கு முதல் ஃப்ரெட்டில் ஏ வடிவம், அல்லது மூன்றாவதில் ஜி வடிவம். நாலரைக்கு இரண்டாவதில் ஈ வடிவம், அல்லது நான்காவதில் டி வடிவம். ஒன்றரைக்கு முதல் ஃப்ரெட்டில் சி வடிவம். ஒரே சுருதிக்கு இரண்டு வழி இருந்தால் கேப்போ கீழே இருக்கும் வழியை முதலில் முயலுங்கள். கேப்போ மேலே ஏற ஏற மந்தரத் தந்திகளின் கனம் குறையும். கிட்டார் பெண் குரல் இருக்கும் இடத்துக்கே வந்து உட்காரும். இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும்.

பாடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கச்சேரிக்கு ஐந்தரை என்பதால் நீங்கள் எழுதும் பாட்டுக்கும் ஐந்தரைதான் என்று அர்த்தமில்லை. பாட்டின் மிகக் கீழான ஸ்வரத்தையும் மிக மேலான ஸ்வரத்தையும் தனியாகப் பாடிப் பாருங்கள். கீழ் ஸ்வரத்தில் சொல் கேட்கிறதா? மேல் ஸ்வரத்தில், களைப்பாக இருக்கும் ஒரு மாலையிலும், கத்தாமல் நிற்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்று வரும் இடமே அந்தப் பாட்டின் சுருதி. அதைப் பாடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிட்டார்காரருக்கு ஈ மேஜரில் திறந்த தந்திகள் அழகாக ஒலிக்கும் என்பது உண்மை. ஆனாலும் அவர்தான் இறங்கி வர வேண்டும், ஏனென்றால் அவரிடம் கேப்போ இருக்கிறது, தொண்டைக்குக் கேப்போ கிடையாது. இரண்டு பேரும் ட்யூன் செய்ய ஒரே கைப்பேசிச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய சுருதிப் பெட்டி, ஏ 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில் நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

ராகத்துக்கு அடியில் கார்ட்

இதுதான் இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதி. பாடுகிறவர் ராகம் என்று நினைக்காமல் பாடினாலும், பத்து வருஷம் பாட்டு வகுப்புக்குப் போன தொண்டையில் ராகம் இருக்கும். கிட்டார்காரர் அதன் அடியில் மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து வைக்கிறார். அந்த மூன்றில் ஒன்று ராகத்துக்கு அந்நியமாக இருந்தால் பாடுகிறவருக்கு உடம்பு கூசும். ஏன் என்று சொல்லத் தெரியாது. "அந்த இடம் சரியில்ல" என்பார், அவ்வளவுதான். சங்கராபரணம் மேஜர் ஸ்கேல், கீரவாணி ஹார்மோனிக் மைனர் என்ற அளவில் சிக்கல் இல்லை. வம்பு மற்றவற்றில்.

எல்லாவற்றையும் சி-யில் வைத்துப் பார்ப்போம். கல்யாணியில் மத்தியமம் எஃப் ஷார்ப். ஆக எஃப் மேஜர், டி மைனர், கிட்டார்காரரின் கை தானாகப் போகும் ஜி செவன்த், மூன்றுமே கூடாது. மூன்றிலும் எஃப் இருக்கிறது. டி மேஜர் வைத்தால் ராகம் நிமிர்ந்து நிற்கும். மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை. சாதாரண ஜி கார்டில் ஒளிந்திருக்கும் பி அங்கே இல்லாத நிஷாதம். ஜி, டி இரண்டை மட்டும் வைத்து வாசிக்கலாம். ஹிந்தோளத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். மைனர் போலக் கேட்பதால் கை சி மைனருக்குப் போகும். அதில் இருக்கும் ஜி பஞ்சமம். ஹிந்தோளத்துக்குப் பஞ்சமமே கிடையாது. எஃப் மைனரும் ஏ ஃப்ளாட் மேஜரும் பொருந்தும். தம்புராவையும் ச-ம என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவில் இந்த வேலிகளை எல்லோரும் தாண்டியிருக்கிறார்கள். நீங்களும் தாண்டலாம். ஆனால் எந்த ஸ்வரத்தில் தாண்டுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கமகம் இன்னொரு சங்கதி. சங்கராபரணத்தின் காந்தாரம் அசையாமல் நிற்கும். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. ஆடுகிற ஸ்வரத்தின் அடியில் அதே ஸ்வரத்தைக் கார்டில் ஆணி அடித்து வைத்தால் உரசல்தான் மிஞ்சும். இதற்கு எளிய வழி, கார்டின் நடு ஸ்வரத்தை எடுத்துவிடுவது. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கட்டும். மேஜரா மைனரா என்பதைக் குரல் சொல்லிக்கொள்ளும். பாடுகிறவருக்கு இரண்டு கட்டை என்றால் கிட்டாரை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றி ட்யூன் செய்து பாருங்கள். பாதி வேலையை கிட்டாரே செய்துவிடும்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு உதாரணம்

இந்த வேலைக்குப் பாடம் கேட்க வெளிநாடு போக வேண்டாம். ஹரிஹரன் மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியில் படித்தவர். அம்மா அலமேலு, அப்பா எச்.ஏ.எஸ். மணி இருவரும் கர்நாடக இசைக்காரர்கள். அவர் உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் இந்துஸ்தானி கற்று, கஜலுக்குள் போனார். லெஸ்லி லூயிஸ் இந்தி சினிமா நடன இயக்குநர் பி.எல். ராஜின் மகன், கிட்டார்காரர், மும்பை விளம்பர ஜிங்கிள்களில் கை தேர்ந்தவர். இருவரும் அந்த ஜிங்கிள் உலகத்தில்தான் பழகினார்கள். 1996-ல் 'கொலோனியல் கசின்ஸ்' ஆல்பம் வந்தது. எம்டிவி அன்பிளக்ட் மேடையிலும் ஏறினார்கள்.

அந்த ஆல்பம் முழுவதும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில பாடல்களில் தொண்ணூறுகளின் கீபோர்டு நெடி தூக்கல். ஆனால் 'கிருஷ்ணா' என்ற பாட்டைப் பத்துத் தடவையாவது கேளுங்கள், கையில் பேனாவோடு. வியாசதீர்த்தரின் கன்னடப் பதம், யமுனா கல்யாணி. அதைச் சுற்றி ஆங்கில வரிகள். ஹரிஹரன் பாப் பாடகர் மாதிரிக் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய பிருகா அப்படியே இருக்கிறது. லூயிஸும் ராகம் வாசிக்க முயலவில்லை. ஆங்கிலத்தில் தனக்குத் தெரிந்ததைத் தன் பாணியில் பாடுகிறார், வாசிக்கிறார். இரண்டு பேரும் அவரவர் இடத்தில் நிற்பதால் நடுவில் பாட்டுக்கு இடம் கிடைக்கிறது. யமுனா கல்யாணியில் பிரதி மத்தியமத்தோடு சுத்த மத்தியமமும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். சி-யில் வாசிக்கிறவர் எஃப் உள்ள கார்டுகளை அந்த இடங்களில் தாராளமாக வைக்கலாம். அப்படிப்பட்ட கதவு எங்கே இருக்கிறது என்று பாடுகிறவர்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

உங்களுக்குப் பயன்படும் பயிற்சி ஒன்றும் இதில் உண்டு. ஸ்டுடியோவில் எத்தனை ட்ராக் வைத்தாலும், ஒரு குரல், ஒரு கிட்டார் என்று மட்டும் வைத்துப் பாட்டை ஒருமுறை பதிவு செய்யுங்கள். அது நிற்கவில்லை என்றால் ட்ரம்ஸ் சேர்த்தாலும் நிற்காது. ஹரிஹரனும் லூயிஸும் 2009-ல் 'மோதி விளையாடு' படத்துக்கு இசையமைத்தார்கள். ஆல்பத்தையும் படத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், கதைக்காகச் செய்யும்போது ஒரு ஜோடியின் பேச்சு எப்படி மாறுகிறது என்று தெரியும்.

செம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் சங்கர் மகாதேவனையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலேயே வீணை, பிறகு பாட்டு, வளர்ந்தது செம்பூர். கிட்டார்காரர் எஹ்சான் நூரானியோடும் கீபோர்டு வாசிக்கும் லாயோடும் சேர்ந்து 2001-ல் தமிழில் 'ஆளவந்தான்' பாடல்களைச் செய்தார். நம் கணக்குக்கு அதைவிட முக்கியமானது ஜான் மெக்லாக்லினின் சக்தி குழுவில் அவர் பாடியது. அவர்களுடைய 'திஸ் மொமென்ட்' ஆல்பம் 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். எழுபதுகளின் சக்திக்காக, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த கிட்டார் ஒன்றைச் செய்து வாங்கினார், தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிக்க. ஆக, குரலோடு ஒன்றாக ஓட வேண்டும் என்றால் கிட்டார்காரர் அந்த அளவுக்கு உள்ளே இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் போகாதவர் குரல் ஓடும்போது நிற்கட்டும், குரல் மூச்சு வாங்கும்போது ஓடட்டும். பெரும்பாலான ஜோடிகளுக்கு இந்த இரண்டாவது வழியே சரி.

எடுப்பும் ரிஃப்பும்

கிட்டார்காரர் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவார். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை அவருக்கு நான்கு நான்காக இரண்டு பார். இதுவரை தகராறு இல்லை. பாடுகிறவர் பழக்கத்தில் சமம் தள்ளி எடுக்கும்போது, அரை இடமோ ஒன்றரை இடமோ விட்டு எடுக்கும்போது, "நீ லேட்டா வர்ற" என்பார் கிட்டார்காரர். பாடுகிறவர் கையில் தாளம் போட்டுக் காட்டட்டும். கிட்டார்காரர் கார்டைச் சமத்தில் மாற்றட்டும். குரல் எங்கே வந்தாலும் அவர் நகர வேண்டாம். மிஸ்ர சாபு என்றால் மூன்று-நான்கு, கண்ட சாபு என்றால் இரண்டு-மூன்று என்று சொல்லிவிட்டால் போதும். மற்றதை வலது கை கற்றுக்கொள்ளும்.

கிட்டார்காரருக்குத் தமிழ் தெரியாமல் இருப்பது இந்த ஊரில் சகஜம். பம்பாய் இந்தியிலேயே எல்லாம் நடக்கும். அப்போது மெட்டின் நீளம் சொல்லைக் கெடுக்கிறதா என்று பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. குறிலை மெட்டு இழுத்தால் படம் பாடமாகிவிடும், மலை மாலையாகிவிடும். "இங்கே ரெண்டு பீட் பிடிக்காதே, ஒண்ணு போதும்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

தாராவியில் பாட்டெழுதும் பையன்களும் பெண்களும் இன்று பெரும்பாலும் ராப் பக்கம் இருக்கிறார்கள். அங்கிருந்து வந்த டோப்அடெலிக்ஸ் குழு 2018-ல் 'காலா' படப் பாடல்களில் இடம்பெற்றது. தமிழ் ராப்புக்குத் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ராப் பாடுகிறவருக்குச் சுருதி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பேசும் குரலுக்கும் ஒரு தளம் உண்டு. கிட்டார் அந்தத் தளத்திலேயே இரைந்தால் சொற்கள் மூழ்கும். கார்டுகளை அடுக்குவதை விட்டு, மேல் தந்திகளில் இரண்டு பார் ரிஃப் ஒன்றைச் சுழலவிடுங்கள். முக்கியமான வரி வரும்போது ரிஃப்பை அறுத்து நிறுத்துங்கள். கொக்கி வரியை (ஹூக்) மட்டும் மெட்டில் பாடப் போகிறீர்கள் என்றால் முதல் பகுதியில் சொன்ன சுருதிச் சோதனை அதற்கும் பொருந்தும்.

எங்கே, எப்போது

பத்துக்குப் பத்து அறையில் ஆம்ப் வேண்டாம். சட்டப்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை; குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. சட்டம் இருக்கட்டும், பக்கத்து வீட்டு அக்கா விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். அகௌஸ்டிக் கிட்டாரும் குரலும் மட்டும் வைத்துப் பாட்டைக் கட்டி முடித்து, கடைசியில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஜாம் ரூம் எடுங்கள். பாட்டு எழுதுவதற்காக ஜாம் ரூமுக்கு வாடகை கொடுக்காதீர்கள். ஒவ்வொரு அமர்வையும் கைப்பேசியில் பதிவு செய்து, கோப்பின் பெயரிலேயே பாட்டின் பெயர், தேதி, கட்டை, கேப்போ இடம், வேகம் எல்லாம் போடுங்கள். 'நியூ ரெக்கார்டிங் 47' என்று இருப்பதை ஆறு மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மரம் ஊதும், தந்தி துருப்பிடிக்கும். வாசித்தபின் தந்தியைத் துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள், மழைக்காலத்துக்கு ஒரு செட் தந்தி அதிகமாக வாங்கி வையுங்கள். ஹார்பர் லைனில் கிட்டாரோடு போவதென்றால் கூட்ட நேரத்துக்கு லக்கேஜ் டப்பாதான்.

யாருக்கு எவ்வளவு

நண்பர்களுக்குள் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். பாட்டு ஓடாத வரை பேசாமலே இருந்துவிடலாம். ஓடினால்தான் தொல்லை.

1957-ன் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பாட்டு ஒரே பொருள் இல்லை. வரிகள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு; சட்டம் அதிலிருந்து சொற்களைப் பிரித்தே வைக்கிறது. ஒலிப்பதிவு மூன்றாவது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனி. வரியும் மெட்டும் படைத்தவரின் ஆயுளோடு இன்னும் 60 ஆண்டு நீளும். நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு. நீங்கள் வரியும் மெட்டும் கொண்டுவந்து, அவர் கார்டுகள் மட்டும் வைத்தால் மெட்டு உங்களுடையது என்று வாதிடலாம். அவருடைய ரிஃப்பிலிருந்துதான் மெட்டே பிறந்தது என்றால்? இருவர் பங்களிப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. எது எது என்று நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்காமல், பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: பாட்டின் பெயர், தேதி, வரியில் யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டில் எத்தனை, ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டது யார், பதிவு யாருக்குச் சொந்தம். எல்லாம் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளும் ஜோடிகளும் உண்டு. கணக்குப் பார்க்கிற வேலை மிச்சம். நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன், இருவரும் எல்லா அமர்வுக்கும் வருகிறார்கள் என்றால்.

காப்புரிமையை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்வதென்றால் வரிக்கும் மெட்டுக்கும் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய். மும்பையிலேயே தலைமையகம் வைத்திருக்கும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு 1969 முதல் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் ராயல்டியை வசூலித்துத் தருகிறது. இருவரும் தனித்தனியாக உறுப்பினராகுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரும் இசையமைத்தவரும் தம் ராயல்டி பங்கை ஒரு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. லேபிள்காரர் ஒப்பந்தம் நீட்டினால் காலமும் எல்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். எழுத்தில் இல்லாத, கையெழுத்தில்லாத உரிமை மாற்றம் செல்லாது. பாரதியார் பாட்டுக்கு மெட்டுப் போடுவதென்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடிப் போடுவதென்றால் உரிமையாளரின் அனுமதியோ சட்டப்படியான உரிமமோ வேண்டும்.

அதே தாளில் பலரும் விட்டுவிடுகிற ஒரு வரி இருக்கிறது. ஒருவர் வேலை கிடைத்து புனேக்கோ துபாய்க்கோ போய்விட்டால், அல்லது பேச்சே நின்றுவிட்டால், மற்றவர் இந்தப் பாட்டை வேறு கிட்டார்காரரோடு அல்லது வேறு பாடகரோடு மேடையில் பாடலாமா, புதிதாகப் பதிவு செய்யலாமா, குழுவின் பெயர் யாரிடம் இருக்கும்? பாடலாம், பெயர் போட்டால் போதும் என்பது நியாயமான ஏற்பாடு. எதுவாக இருந்தாலும் சிநேகமாக இருக்கும்போதே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பியும் விடுங்கள், தேதி அதில் நிற்கும்.